மேற்படி மீன்கள்

ஜனவரி 11

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் என் இடது முட்டியும் இங்கே ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு இருக்கிறோம். உன் இருமல் விட்டதா? மாடி அறையில் தூசி அதிகம் என்றாயே, துணியை நனைத்து ஜன்னலில் கட்டு.

போன வாரம் பிரிவு அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். பெரிய அதிகாரி வந்திருந்தார். நான் காவல் பார்க்கும் ஓடையில் கல்லொட்டி மீன் நன்றாகப் பெருகியிருக்கிறதாம். என்னை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். ஏதோ எண்களெல்லாம் சொன்னார்கள், மைக் கரகரவென்று இருந்ததால் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. எனக்கு நிரந்தரம் போடச் சொல்லித் தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறார்களாம். பதினேழு வருஷத் தினக்கூலி. ரேஞ்சர் என் பெயரைத் தப்பில்லாமல் சொன்னது இதுதான் முதல் தடவை.

நீ அந்தத் தலைமை அலுவலகத்தில் இருப்பது இங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் ஆளுக்கு ஒரு மனுவோடு வந்து நிற்பார்கள். தபால்பையில் கடிதத்தைப் போடும்போது ஜீப் டிரைவர் யாருக்கு என்று கேட்டான். வரன் பார்க்கிற தரகருக்கு என்றேன். "நாப்பத்தாறு வயசுலயா அக்கா?" என்றான். மாப்பிள்ளைக்கு அவசரமில்லை என்று சொல்லிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு.
அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்கா,

இருமல் பாதி போய்விட்டது. மீதி இந்த அலுவலகத்தோடு வந்தது, போகாது. முட்டிக்கு எண்ணெய் மட்டும் போதாது, ஒருநாள் கீழே இறங்கி டாக்டரைப் பார்.

சான்றிதழுக்கு வாழ்த்துச் சொல்ல மனம் வரவில்லை, கோபம்தான் வருகிறது. பதினேழு வருஷம் ஒருத்தியைப் பாறையில் குப்புறப் படுக்கவைத்து மீன் எண்ணச் சொல்லிவிட்டு, ஒரு அட்டையைக் கொடுத்துக் கைதட்டுகிறார்கள். தட்டுகிறவர்களில் ஒருவனாவது அந்த ஓடையில் கால் நனைத்திருப்பானா? நானும்தான் நனைத்ததில்லை, அது வேறு விஷயம். நிரந்தரம் வரட்டும், அப்போது வாழ்த்துகிறேன்.

உன் படிவம் மாதாமாதம் என் மேஜைக்குத்தான் வருகிறது. நான்தான் கணினியில் ஏற்றுகிறேன். முத்து முத்தாக எழுதுகிறாய், ஆனால் சோம்பேறி. முதல் குட்டைக்கு மட்டும் எண் போடுகிறாய். இரண்டாவதற்கு 'மேற்படி', மூன்றாவதற்கு 'மேற்படி'. அதெப்படி அக்கா, மூன்று குட்டையிலும் மாதாமாதம் சரியாக ஒரே எண்ணிக்கை? உன் மீன்கள் மணி அடித்தால் வரிசையில் நிற்குமோ?

சிரித்துக்கொண்டே எழுதினேன். உடம்பைப் பார்த்துக்கொள்.
தம்பி


பிப்ரவரி 8

அன்புத் தம்பிக்கு,

குளிர் குறைந்ததில் முட்டி கொஞ்சம் மடங்குகிறது. நீ டாக்டரைப் பார்த்தாயா, இல்லை எனக்கு மட்டும்தான் உபதேசமா?

மேற்படி என்றால் மேல் படி. ஓடை இங்கே மூன்று படியாக இறங்குகிறது. மேற்படி, நடுப்படி, கீழ்ப்படி என்றுதான் நாங்கள் சொல்லுவோம். உங்கள் படிவத்தில் அதையே குட்டை ஒன்று, இரண்டு, மூன்று என்று அச்சடித்திருக்கிறார்கள். மீன் இருப்பது மேற்படியில் மட்டும்தான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் தூண்டில்காரர்களுக்காகக் கீழே இரண்டு குட்டையிலும் வெளிநாட்டு மீனை விட்டார்கள், நாங்கள் துரை மீன் என்கிறோமே, அது. முழங்கை நீளம் வளரும். இரண்டே வருஷத்தில் விரல் நீளக் கல்லொட்டியில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. மேற்படிக்கும் நடுப்படிக்கும் நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்கு நீர் விழுகிறது. துரையால் அதில் ஏற முடியவில்லை, அதனால் மேலே இருப்பது பிழைத்தது.

அப்படியானால் சைபர் போட வேண்டியதுதானே என்பாய். போட்டேன். பழைய ரேஞ்சர் படிவத்தை என் மேலேயே விட்டெறிந்தார். "சைபர் போட்டா நீ போகலைன்னு அர்த்தம். காலியா விட்டா தூங்கினேன்னு அர்த்தம். எதையாவது எழுதும்மா!" என்றார். அதனால் அந்த இரண்டு இடத்திலும், மீன் இருப்பது மேற்படியில் என்று எழுதுகிறேன்.

ஏன் கேட்கிறாய்? நீ அதை மிஷினில் எப்படிப் போடுகிறாய்?

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமாகிவிட்டது. இருமல் திரும்பி வந்து பத்து நாள் படுத்துவிட்டேன், இப்போது பரவாயில்லை.

இங்கே புதிதாக ஒன்றுமில்லை. எங்கள் அறையில் ஆறு பேருக்கு ஒரு மின்விசிறி. அது சூப்பிரண்டைப் பார்த்துத்தான் சுற்றும். வருஷா வருஷம் மார்ச் மாதத்தில் எங்களை வரிசையில் நிற்கவைத்து, அடுத்த வருஷத்துக்கும் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். நான் தேறிவிட்டேன். என் பக்கத்து நாற்காலிக்காரன் தேறவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, ஏன் என்று கேட்கிறானே, அதனால்தான் என்று பதில் வந்தது.

உன் நிரந்தரக் கோப்பு மூன்றாவது மேஜைவரை வந்துவிட்டது. என் கண்ணால் பார்த்தேன்.

மிஷினைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது பெரிய கதை, நேரில் சொல்கிறேன்.

தம்பி


மார்ச் 26

அன்புத் தம்பிக்கு,

பத்து நாள் படுத்திருந்தேன் என்று படுத்து எழுந்த பிறகு எழுதுகிறாய். இனி அப்படிச் செய்யாதே.

செவ்வாய்க்கிழமை நாலு பேர் நாடாவோடு வந்து மேற்படியை அளந்தார்கள். நீளம், அகலம், ஆழம் எல்லாம் குறித்தார்கள். கரையில் தூண்டில்காரர்கள் உட்கார மேடை கட்டப் போகிறார்களாம், ஜூனில் முதல் மழை விழுந்ததும் துரை மீன் லாரி வருமாம். மீனைக் குழாய் வழியாக மேலே ஏற்றுவார்களாம். நான் ரேஞ்சரிடம் ஓடினேன்.

"சார், மேல விட்டா கல்லொட்டி அத்தோட சரி சார்."

"அதான் கீழ ரெண்டு குட்டையில எம்பத்தி நாலு இருக்குல்ல? மேல ஒரு நாப்பது போனா என்ன குடி முழுகிடுமா?"

"கீழ ஒண்ணுகூட இல்ல சார்."

அவர் சிரித்தார். கோபமாகக்கூட இல்லை. "இல்லையா? எல்லாம் உன் கையெழுத்துலதான் இருக்கு. அதுக்குத்தானே சான்றிதழ் வாங்கின? வாங்கும்போது வாயைத் தொறந்தியா?" என்றார்.

தம்பி, போன தடவை நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. அந்த எண்பத்து நாலை எழுதியது யார்?

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியைப் படிக்க மாட்டாய்.

எழுதியது நான். மூன்று வருஷமாக நான்தான். அலுவலகத் தமிழில் மேற்படி என்றால் 'மேலே சொன்னதுவே' என்று அர்த்தம். நீ நாற்பத்திரண்டு என்று எழுதிக் கீழே மேற்படி, மேற்படி என்று எழுதினாய். நான் 42, 42, 42 என்று அடித்தேன். மொத்தம் 126 என்று மிஷின் கூட்டிக்கொண்டது. அதைத்தான் இவர்கள் மும்மடங்கு என்று அறிக்கையில் போட்டு, மேடை போட்டுக் கைதட்டினார்கள். நீ 'மேல்படி' என்று எழுதியிருந்தாலாவது நின்று யோசித்திருப்பேன். பள்ளிக்கூடத்தில் சந்தி இலக்கணத்தில் நீதானே முதல்? லகரம் றகரமாகும் என்று ஒழுங்காக எழுதித் தொலைத்துவிட்டாய்.

பிப்ரவரியில் உன் கடிதம் வந்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. மறைத்தேன். என் வேலை நீடிக்குமா என்ற முடிவு மார்ச்சில் வரவிருந்தது. உன் கோப்பு மூன்றாவது மேஜையில் இருந்தது, அதுவும் அந்த 126-இன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. எண்ணை எடுத்தால் கோப்பு விழும். உனக்காக மறைத்தேன் என்று எழுதத்தான் ஆசை. பாதி எனக்காக.

யார், என்ன என்று சொல்லாமல் சூப்பிரண்டிடம் கேட்டுப் பார்த்தேன். திருத்தப் படிவம் என்று ஒன்று இருக்கிறது. அதில் காரணம் என்ற இடத்தில் ஒரே ஒரு வரி அச்சடித்திருக்கிறார்கள்: 'களப்பணியாளரின் பிழை'.

"ஆபீஸ்ல தப்பு நடந்திருந்தா சார்?"

"ஆபீஸ்ல எப்படிய்யா தப்பு நடக்கும்? இங்க இருக்கறதெல்லாம் வெளிய இருந்து வந்த காகிதம்தானே."

அந்தப் படிவத்தில் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். நீயே பார். தப்பு மேலிருந்து கீழேதான் ஓடும் என்பதை இவர்கள் அச்சடித்தே வைத்திருக்கிறார்கள்.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.
தம்பி


ஏப்ரல் 30

அன்புத் தம்பிக்கு,

மூன்று வாரமாக எழுதவில்லை. திட்ட வார்த்தை தேடினேன். கிடைத்ததெல்லாம் எனக்கும் பொருந்துவதாக இருந்தது.

அன்றைக்கு மைக் நன்றாகத்தான் இருந்தது. மேடைக்குப் பின்னால் பலகையில் 126 என்று சுரைக்காய் அளவுக்கு எழுதியும் வைத்திருந்தார்கள். நூற்று இருபத்தாறு கல்லொட்டி இந்த ஓடையில் இல்லை என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? ஐயா, தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதே நேரத்தில் பெரிய அதிகாரி நிரந்தரம் என்று சொல்லிவிட்டார். எனக்கு இந்தத் தகரக் கூரை ஞாபகம் வந்தது. முட்டி மடங்காத நாளில் நான்கு கால்களில் தவழ்ந்து பாறை ஏறுவது ஞாபகம் வந்தது. கையை நீட்டி அட்டையை வாங்கிக்கொண்டேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். ஆணை மே மாதம் வரும் என்கிறார்கள். மீன் லாரி ஜூனில்தான். நடுவில் ஒரு மாதம் இருக்கிறது. ஆணை கைக்கு வந்த மறுநாள் உண்மையைச் சொல்லிவிடுவோம். நிரந்தரமானவளை அவ்வளவு லேசில் தூக்க முடியாது. அதுவரை நீ வாயைத் திறக்காதே.

இது சரியா என்று கேட்காதே. சரி, தப்பு பார்க்கிற தெம்பு எனக்கு இந்த வருஷம் இல்லை.

உன் நெஞ்சுச் சளியைக் கவனி.
அக்கா


மே 20

அன்புள்ள அக்கா,

இருமல் இல்லை, தூக்கமும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்?

உன் ஆணை கையெழுத்தாகிவிட்டது. சந்தோஷப்பட்டுவிடாதே. தனியாக அனுப்பப் போவதில்லை. ஜூன் 18 அன்று மேற்படிக் குட்டையில் விழா. பெரிய அதிகாரி முதல் வாளி துரை மீனைத் தண்ணீரில் விடுவார். அதே மேடையில், அதே நிமிஷத்தில், உன் ஆணையை உன் கையில் கொடுப்பார். நிகழ்ச்சி நிரலை நான்தான் தட்டச்சு செய்தேன். 'இயற்கையைக் காத்த பெண்மணிக்குச் சிறப்பு' என்று போடச் சொன்னார்கள், போட்டேன். எழுத்துக்களை அடிக்கிற விரல்கள் என்னுடையவைதானா என்று பார்த்துக்கொண்டேன்.

ஆக, நீ நினைத்த அந்த ஒரு மாதம் இல்லை. ஒரு நாள்கூட இல்லை. வாளியும் ஆணையும் ஒன்றாகத்தான் வரும்.

நீ சொல்லாமல் நான் எதுவும் செய்ய மாட்டேன். என்ன செய்யட்டும், சொல்.

தம்பி


ஜூன் 3

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலம். மழை இன்னும் இறங்கவில்லை, ஆனால் காற்றில் ஈரம் வந்துவிட்டது. முட்டிக்கு நம் வானிலைக்காரர்களைவிட முன்னாலேயே தெரிகிறது.

நேற்று மேற்படிக்குப் போனேன். அடியில் கண்ணாடி வைத்த பெட்டியைத் தண்ணீரில் அழுத்திக்கொண்டு மூன்று தடவை எண்ணினேன். பெரியவை முப்பத்தொன்பது. பாறை இடுக்கில் நகக்கண் அளவுக்குக் குஞ்சுகள், அவற்றை எண்ண முடியாது, நிற்காது. மேடைக்குக் கம்பம் நட்டுவிட்டார்கள். சிவப்புப் பெயிண்ட் ஒரு டப்பா கரையில் கவிழ்ந்து கிடந்தது, மண்ணோடு வழித்துத் தூரப் போட்டேன்.

நீ ஒன்றும் செய்யாதே. உன் வேலையைப் பார். மழை வந்தால் குடை எடுத்துக்கொண்டு போ, நனைந்துவிட்டு வந்து இருமாதே.

அக்கா


ஜூலை 9

அன்புள்ள அக்கா,

நலம் விசாரிக்க முடியாத அளவுக்குக் கோபமாக இருக்கிறேன். ஆனாலும் முட்டி எப்படி இருக்கிறது?

ஒன்றும் செய்யாதே என்று எனக்கு எழுதினாய். அது என் கைக்கு வந்தது விழாவுக்கு முந்தைய வாரம், வியாழக்கிழமை மதியம். உன் பதிலைக் காணோமே என்று அன்று காலையிலேயே நான் மனு கொடுத்துவிட்டேன். எண்ணைத் தப்பாக ஏற்றியது நான், ஓடைக் காவலாளி சரியாகத்தான் எழுதினார் என்று. மதியம் தபால்பையைப் பிரித்தால் உன் கடிதம். முட்டி, குடை, பெயிண்ட் டப்பா. அதே பையில் நான் வேடிக்கைக்கு அனுப்பிய திருத்தப் படிவம். 'களப்பணியாளரின் பிழை' என்ற வரிக்குக் கீழே உன் முத்துக் கையெழுத்து. அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லை.

சூப்பிரண்டு இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நான் பண்ணல, அவன்தான் பண்ணான்னு அடிச்சுக்கறவங்களைப் பார்த்திருக்கேன். நான்தான் பண்ணேன், நான்தான் பண்ணேன்னு ரெண்டு பேர் வரிசையில நிக்கறதை இப்பதான்யா பார்க்கறேன். ஒரு தப்புக்கு ஒரு ஆளுதான். ரெண்டு ஆளு வந்தா அதுக்குப் பேரு விசாரணை."

விசாரணை என்று போட்டுவிட்டால், அது முடியும்வரை அந்த ஓடையில் யாரும் ஒரு வாளித் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது. விதி. விழா நின்றதற்கு அதுதான் காரணம், யாருக்கும் திடீரென்று கல்லொட்டிமேல் பாசம் வந்துவிடவில்லை. உண்மையை எழுதினோம், அதை ஒருவரும் படிக்கவில்லை. இரண்டு காகிதம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்பதைத்தான் படித்தார்கள்.

உன்னையும் என்னையும் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். யார் முதலில் வாபஸ் வாங்குகிறார்களோ அவருக்கு மறுநாளே வேலை. விசாரணையும் அத்தோடு முடியும், லாரியும் கிளம்பும். கடைசியில் ஒன்று கேட்டார்: "ரெண்டு பேருக்கும் அப்பா பேரு ஒண்ணா இருக்கேப்பா? சொந்தமா?" எல்லார் வீட்டிலும் இருக்கிற பெயர்தான் சார் என்றேன். "சொந்தம்னு தெரிஞ்சா பேசி வெச்சுப் பண்ணதாயிடும். ரெண்டு காகிதமும் குப்பைக்கு. ஃபைலை மூடிட்டுப் போய்க்கிட்டே இருப்பாங்க" என்றார். மிரட்டினாரா, எச்சரித்தாரா, தெரியவில்லை.

நீ வாபஸ் வாங்கிவிடு, அக்கா. பதினேழு வருஷம். எனக்கு வேறு நாற்காலி கிடைக்கும்.

தம்பி


ஜூலை 24

அன்புத் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தைத் தபால்தலை ஒட்டிப் போடுகிறேன். அரசாங்கப் பை இனி எனக்கில்லை.

நீ கடிதம் எழுதிய அதே வாரம் ரேஞ்சர் என் அறைக்கே வந்தார். பதினேழு வருஷத்தில் முதல் தடவை. உட்கார இடமில்லாமல் வாசலிலேயே நின்றார். "ஒரு கையெழுத்துப் போடும்மா. தப்பு அந்த ஆபீஸ் பையன் மேலன்னு அவனே ஒத்துக்கிட்டான். யாரோ எவனோ, உனக்கென்ன? திங்கக்கிழமை ஆர்டர் உன் கையில இருக்கும்" என்றார்.

யாரோ எவனோ என்றதும் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல அடக்கிக்கொண்டேன்.

"விசாரணை எத்தனை நாள் சார் நடக்கும்?"

"நாளா? எல்லைக்கல்லு ஒண்ணு காணாமப்போன கேஸு பதினோரு வருஷமா நடக்குது. கல்லுக்கே பதினோரு வருஷம்."

பதினோரு வருஷம் என்று அவர் என்னைப் பயமுறுத்தச் சொன்னார். எனக்கு வேறு மாதிரி கேட்டது. கல்லொட்டி வருஷத்துக்கு ஒரு தடவை முட்டையிடும். பதினோரு தடவை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். இனி எப்போது வந்தாலும் யோசித்துக்கொண்டேதான் இருப்பேன்.

நான் வாபஸ் வாங்க மாட்டேன். நீயும் வாங்காதே. எனக்காக வாங்கினால் உன் முகத்தில் விழிக்க மாட்டேன், இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. என் தப்பை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், உன் தப்பை நீ கெட்டியாகப் பிடித்துக்கொள். ஓடைக்கு மேலே போக எனக்கு இப்போது அனுமதி கிடையாது. பாதையைச் செப்பனிடும் காண்டிராக்டரிடம் ஜல்லி சுமக்கப் போகிறேன். அங்கிருந்து பார்த்தால் மேற்படி தெரியாது. தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

அந்த சூப்பிரண்டு சொன்னது எச்சரிக்கைதான். நல்ல மனுஷன் போலிருக்கிறது, அல்லது களைத்த மனுஷன். ரேஞ்சர் வந்தபோது உன் கடிதங்கள் எல்லாம் பாய்க்கு அடியில்தான் இருந்தன. அவர் போன பிறகு அடுப்பில் போட்டுவிட்டேன். ஒவ்வொன்றாக ஒரு தடவை படித்துவிட்டுத்தான் போட்டேன். என்னுடையவற்றை நீயும் இன்றைக்கே எரித்துவிடு. இதையும் சேர்த்து.

இனி எழுதாதே. நானும் எழுத மாட்டேன். விசாரணை முடிகிறவரை உனக்கு அக்கா இல்லை, எனக்குத் தம்பி இல்லை. எங்காவது நேருக்கு நேர் நிறுத்தினால், இந்த அம்மா யார் என்று கேள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உடம்பு எப்படி இருக்கிறது என்று இனிமேல் நான் உன்னைக் கேட்கப் போவதில்லை. நன்றாக இரு.